மூன்றாம் தூண்

ஆற்றுப் பாலத்தின்மேல் புகைவண்டி வெள்ளோட்டம் போன அன்று, பாலத்தைக் கட்டியவர் அதன் அடியில்தான் நிற்க வேண்டும் என்று வெள்ளைக்காரத் துரை உத்தரவு போட்டார். துரை மட்டும் பாலம் விழுந்தாலும் எட்டாத தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கொத்தனார் சித்திரவேலு மணலில் இறங்கி, மூன்றாம் தூணில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். கரையில் பத்து ஊர் ஜனம். பத்துதான், நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. வண்டி தாண்டியது. பாலம் நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். சித்திரவேலு மட்டும் கையை எடுக்கவில்லை.

"எடுத்தா விழுந்துரும்," என்றார்.

சிரித்துவிட்டுக் கலைந்தார்கள். மறுநாளிலிருந்து வண்டியில் ஆட்களை ஏற்றினார்கள். சித்திரவேலு நின்றபடியே தூங்கினார். ஆற்றில் தண்ணீர் வந்து முழங்காலைத் தொட்டபோதும் நகரவில்லை. பன்னிரண்டாம் நாள் அவர் மனைவி வெள்ளத்தாய் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள்.

"ஊரே சிரிக்குது. பாலத்தை நீங்கதான் தாங்குறீங்களாக்கும்?"

"நீயே தொட்டுப் பாரு."

"தொட்டா வீட்டுக்கு வருவீங்களா?"

"வாரேன்."

அவர் கைக்குப் பக்கத்தில் அவள் தன் கையை வைத்தாள். அவர் மெல்லத் தன் கையை எடுத்தார். பாலம் விழவில்லை. "பாத்தீங்களா" என்று சொல்ல வாயைத் திறந்தவள், தூணை அண்ணாந்து பார்த்தாள். தூரத்தில் வண்டி ஊதியது.

"என்ன, வீட்டுக்குப் போவோமா?" என்று கேட்டார்.

வெள்ளத்தாய் இன்னொரு கையையும் தூணில் வைத்தாள்.

"நீங்க போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க," என்றாள். "சீக்கிரம் வாங்க. தண்ணி ஏறுது."