பெல்ட் மேல் விழுந்த பழி

என் மேல் முதலில் பழி போட்டது அந்த சூப்பர்சார்ஜர்தான். யார் முன்னாலும் சொல்வேன். லாரி இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அடைத்துத் தள்ளுவது அதன் வேலை. அது வருவதற்கு முன்பிருந்தே இந்த இன்ஜினில் ஓடி, இப்போது அதையும் சுற்றவைக்கும் பெல்ட் நான். நான் சுற்றாவிட்டால் அது வெறும் இரும்பு.

அதைப் புதிதாக மாட்டிய அன்று டிரைவர் சொரிமுத்து பூசை போட்டு, காற்று உள்ளே போகும் வாயிலேயே செவ்வந்தி மாலையைத் தொங்கவிட்டார். மறுநாள் மேட்டில் லாரி இழுக்கவில்லை. கரும்புகை கக்கியது.

"பெல்ட்டுக்கு வயசாயிட்டு. வழுக்குறாரு," என்றது சூப்பர்சார்ஜர்.

"ஓய், நேத்து வந்த ஆள் நீர். வாயை அடக்கும்," என்றேன்.

மெக்கானிக் காஜா பாயும் என்னைத்தான் சந்தேகப்பட்டார். விறைப்பாக இழுத்து மாட்டினார். அப்போதும் லாரி இழுக்கவில்லை. என்னை அறுத்தெறியக் கத்தியை எடுத்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

"பாய், எதுக்கும் அந்த ஃபில்டரை ஒருவாட்டி பாத்துருங்க," என்றார் சொரிமுத்து.

மூடியைத் திறந்தால், காற்றை வடிகட்டும் இடம் முழுக்கச் செவ்வந்தி இதழ்கள்.

"ஏன் அண்ணாச்சி, வண்டிக்கு மாலை போட்டீங்களா, தீனி போட்டீங்களா?" என்று பாய் சிரித்தார்.

இதழ்களைத் தட்டி, புது ஃபில்டர் போட்டதும் லாரி மேட்டில் துள்ளிக்கொண்டு ஏறியது.

"பாத்தீரா நம்ம பலத்தை?" என்றது சூப்பர்சார்ஜர்.

"பாத்தேன். தப்பா சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லும்."

"அடுத்த மேடு வருது, பேசாம சுத்தும்."

சுற்றினேன். அதற்குப் பிறகு எத்தனையோ மேடு ஏறிவிட்டோம். அந்த வார்த்தை இன்னும் வரவில்லை.