எண்பத்துநாலாவது பொட்டு

"எண்பத்துமூணுதான் இருக்கு. ஒண்ணு எங்கே?"

காருக்கு அடியிலிருந்து அதன் சொந்தக்காரர் ஜனார்தனனின் குரல் வந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால் இருக்கிற அந்த ஷெட்டில் எல்லாரும் கைவேலையை நிறுத்தினார்கள்.

காலை மணி ஏழு. பத்து மணிக்கு சென்னையில் பழைய கார் போட்டி. ஐம்பத்தெட்டாம் வருஷத்துக் காரை மூணு வருஷமாகப் பிரித்துச் சேர்த்திருக்கிறார் மனுஷன். ஃபேக்டரியை விட்டு வந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ, அச்சு அசல் அப்படியே இருக்கணும். ஒரு ஸ்க்ரூ மாறினாலும் மார்க் போய்விடும்.

அந்தக் காலத்து ஃபேக்டரியில் ஒவ்வொரு நட்டிலும் மஞ்சள் பெயிண்டில் ஒரு பொட்டு வைப்பார்களாம். பழைய போட்டோ ஒன்றில் அதைப் பார்த்தவர், அதுவும் வேணும் என்று ஒற்றைக்காலில் நின்றார். வேலை, ஷெட்டில் கூலிக்கு இருந்த அஞ்சம்மாளிடம் போனது.

அவளோ ரெண்டு நாள் எடுத்துக்கொண்டாள். "எண்பத்துநாலு பொட்டு வைக்க ரெண்டு நாளா? என் பொண்ணு ஸஹானா அரை மணியில வெச்சுடுவாளே" என்று நேற்றே கடுகடுத்திருந்தார்.

இப்போது முழங்கையெல்லாம் தூசியாக வெளியே வந்தார்.

"ஸ்டீயரிங் ராடு முன்சக்கரத்தோட சேர்ற இடத்துல பொட்டு இல்லை. ஜட்ஜு அடியில கண்ணாடி நீட்டிப் பார்ப்பார். மொதல்ல கண்ணுல படறதே அதுதான்."

ஷெட் முதலாளி குப்புராஜ் ஓடிவந்தார். "யான பூந்து வாலு மாட்டிக்கின கதயா இருக்குதே. இன்னா அஞ்சம்மா, மறந்துட்டியா?"

"மறக்கலண்ணா. நான்தான் வெக்கல."

"ஏன்?"

"அதுக்கு வெக்கக்கூடாது."

ஜனார்தனன் பிரஷ்ஷைப் பிடுங்கிக்கொண்டு குனிந்து, தன் கையாலேயே பொட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

அஞ்சம்மாள் சட்டென்று கீழே படுத்தாள். கையிலிருந்த பனியன் வேஸ்ட் துணியால் அந்தப் பொட்டைத் துடைத்துவிட்டு எழுந்தாள்.

"ஏம்மா, இது யாரோட கார்?" அவர் கத்தினார். "குப்புராஜ், என்ன நடந்துண்டிருக்கு இங்கே?"

குப்புராஜுக்கு மானமே போய்விட்டது. "ஆக்ஸில் கம்பெனில இவ சூப்பர்வைசர எதுத்துப் பேசினான்னு தூக்கிட்டாங்கன்னப்பவே நான் யோசிச்சிருக்கணும். பாவமேன்னு சேத்துக்கினேன் பாரு, என்னச் சொல்லணும். கெளம்பும்மா. நாளைலேருந்து வராத."

அஞ்சம்மாள் முகம் செத்துப்போனது. இதுவும் போனால் சிப்காட்டில் அவளுக்கு வேலை கொடுக்க வேறு ஆள் கிடையாது. அது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

காருக்குள் முன்சீட்டில் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்த ஸஹானா எட்டிப் பார்த்தாள். "அப்பா, பெல்ட் எங்கேப்பா?"

"இந்தக் காருக்கு பெல்ட் கிடையாதும்மா. ஒரிஜினல்லயே இல்லை."

போகத் திரும்பிய அஞ்சம்மாள் நின்றாள். "சார், பாப்பா முன்னாடியா ஒக்காந்துக்கினு வருது?"

"ஆமாம். அதுக்கென்ன?"

"அந்த நட்ட ரெண்டு வெரலால புடிச்சு ஆட்டிப் பாருங்க சார். அப்புறம் நான் போறேன்."

ஜனார்தனன் எரிச்சலோடு காருக்கு அடியில் கையை விட்டார். விழப்போகிற பல் மாதிரி ஆடியது நட்டு.

"மரை தேஞ்சிபோச்சு சார். எத்தினி முறுக்கினாலும் புடிக்கல. நேத்தே அண்ணனாண்ட சொன்னேன். பொட்டு வெக்கிற வேலய மட்டும் பாருன்னாரு."

குப்புராஜ் தரையைப் பார்த்தார். "கம்பெனி முத்திர இருக்கிற பழைய நட்டுதான் போடணும்னு சார்தான் சொன்னாரு..."

உண்மைதான். புது நட்டை மூணு தடவை திருப்பி அனுப்பியவர் ஜனார்தனன்தான். கல்கத்தா ஹைவேயில் வரிசையாகப் போகிற டிரெய்லர் லாரிகள் ஞாபகத்துக்கு வந்தன. முன்சீட்டில் பெண் தலையை வாரிக்கொண்டிருந்தாள். 

"மத்த எண்பத்துமூணு?" என்று கேட்டார் ஜனார்தனன்.

"ஒவ்வொண்ணா ஸ்பேனர் போட்டுப் பாத்துட்டுத்தான் சார் வெச்சேன். பதினோரு நட்டு லூசு. முறுக்கிட்டு வெச்சேன். அதான் ரெண்டு நாளாச்சு."

"நான் பெயிண்ட்தானே வைக்கச் சொன்னேன்."

"பொட்டு வெச்சா நான் பாத்துட்டேன்னு அர்த்தம் சார். பாக்காம எப்டி வெக்கிறது?"

அவர் குப்புராஜ் பக்கம் திரும்பினார். "புதுசைப் போடுங்கோ."

"முத்திர இல்லியே சார். மார்க்கு பூடும்."

"போகட்டும்."

புது நட்டு ஏறியது. அஞ்சம்மாள் ஸ்பேனரைப் போட்டு இழுத்துப் பார்த்தாள். இன்னொரு தடவை இழுத்தாள். பிறகுதான் எண்பத்துநாலாவது பொட்டை வைத்தாள்.

"நாளைக்கு எட்டு மணிக்கே வந்துடு" என்று குப்புராஜ் எங்கேயோ பார்த்துக்கொண்டு முனகினார்.

ஜனார்தனன் காரைக் கிளப்பினார். கிளப்பியவர் என்ன நினைத்தாரோ, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"ஏம்மா, அந்தக் கம்பெனியில சூப்பர்வைசரோட உனக்கு என்னதான் சண்டை?"

அஞ்சம்மாள் பிரஷ்ஷைப் பனியன் வேஸ்ட்டில் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"முறுக்காத நட்டுக்குப் பொட்டு வெக்கச் சொன்னாரு சார்."