இரண்டரை அங்குல ஓட்டை

"காற்றைக் கட்டியாள்பவனே காலத்தைக் கட்டியாள்வான்" என்று அறிவித்தான் ஜெயப்பிரகாஷ். அறிவித்த கையோடு ஷெட் வாசலை எட்டிப் பார்த்து, தெருவில் காக்கிச் சட்டை எதுவும் வரவில்லை என்பதை உறுதி செய்துகொண்டான்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் தேவசகாயத்தின் மெக்கானிக் ஷெட் அது. பானெட் திறந்து, முன்பம்பர் கழன்று, பல்செட் எடுத்த வாயைப்போல நின்றது வெள்ளைக் கார்.

அதன் டர்போ ஊதும் சூடான காற்றைக் குளிரவைக்கப் பெரிய இன்டர்கூலர் ஒன்றை முகப்பில் பொருத்தி, புதுக் குழாய் இழுக்க வேண்டும். அதற்கென்றே சிதம்பரத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்திருந்தான் பாண்டியன். ஜெயப்பிரகாஷின் மனைவி வித்யாவுக்குத் தம்பி.

"இது மாதிரி வண்டி கடலூருலயே கெடையாது மச்சான்" என்றான் ஜெயப்பிரகாஷ். அதே நிறத்தில், அதே மாடல், தெருவுக்கு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. "நேத்து சாயங்காலம்தான் வுட்டுட்டுப் போனேன். அதுக்குள்ள பம்பரக் கழட்டி, எஞ்சினக்கூட கண்ணாடி மாதிரி தொடச்சி வச்சிருக்கான் பாரு தேவசகாயம். ஆளப் பாத்துத்தான் மரியாத!"

மரியாதை செய்த தேவசகாயம் ஷெட்டில் இல்லை; குழாய் வெல்டிங்குக்காக சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் போயிருந்தான். 'நான் வர்ற வரைக்கும் எதயும் தொடாதீங்க' என்று போனில் சொன்னதை மட்டும் ஜெயப்பிரகாஷ் அவமரியாதையாக எடுத்துக்கொண்டான்.

பாண்டியன் அட்டையைச் சுருட்டிக் குழாய்போல ஒட்டி, எஞ்சினுக்குள் வளைத்து வைத்துப் பார்த்தான்.

"மாமா, வால்வு இந்தக் குழாயில, எஞ்சின் வாய்க்குப் பக்கத்துல வருது. ஆக்ஸிலேட்டர்லேந்து கால எடுத்தா, மிச்சக் காத்த அது தொறந்து வுட்டுடும்."

"ரோட்டப் பாத்து வுடணும். புஷ்ஷுன்னு! சிதம்பரத்துல நான் கால எடுத்தா கோபுரத்துப் புறா அத்தனையும் பறக்கணும்."

"பின்னாடியே பிரேக் இன்ஸ்பெக்டரும் பறந்து வருவாரு."

ஜெயப்பிரகாஷின் முகம் வெளுத்தது. புதிதாக வந்திருக்கும் அந்த வாகன ஆய்வாளர், போன வாரம் ஆலப்பாக்கத்தில் இப்படி மாற்றிக் கட்டிய கார் ஒன்றை ஓரங்கட்டி, ஆர்.சி.யை வாங்கிக்கொண்டு, ஓட்டியவனை பஸ்ஸில் அனுப்பிவைத்தாராம். ஜெயப்பிரகாஷின் கார் வித்யாவின் பெயரில் இருந்தது. நோட்டீஸ் வந்தால் அவள் பெயருக்குத்தான் வரும். வேலை நடப்பதே அவளுக்குத் தெரியாது.

"பயமா மாமா?"

"எனக்கா? சட்டத்து மேல ஒரு மரியாத. அந்தக் காத்த திருப்பி உள்ளயே வுட்டுடு."

"அப்ப சத்தம் வராதே. புறா?"

"அது பாட்டுக்கு ஒக்காந்திருக்கட்டும். சத்தம் போடறதெல்லாம் சின்னப் பசங்க வேல."

கடைசியாக ஒரு சிக்கல். குழாய் உள்ளே நுழைய, பக்கத்துத் தகட்டில் இரண்டரை அங்குலத்துக்கு வட்டமாக ஓட்டை போட வேண்டும்.

"ஒருவாட்டி வெட்டிட்டா பழையபடி ஆக்க முடியாது. எதுக்கும் தேவசகாயம் வந்துடட்டுமா மாமா?"

வாசலில் ஏதோ ஹாரன் அடித்தது. ஜெயப்பிரகாஷ் துள்ளி விழுந்தான். "அவன் வந்தா நாலு பேரு வேடிக்க பாக்க வருவாங்க. வெட்டுறா சீக்கிரம்!"

டிரில் அலறியது. ஜெயப்பிரகாஷ் கண்களை இறுக்க மூடிக்கொண்டான். வெட்டுப்பட்ட வட்டத் தகடு சூடாக அவன் செருப்பில் விழுந்து உருண்டது.

சத்தம் அடங்கியபோது, வாசலில் ஒரு ஜீப் நின்றுகொண்டிருந்தது. இறங்கி உள்ளே வந்தவர் காக்கிச் சட்டை போட்டிருந்தார்.

பாண்டியன் டிரில்லை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். ஜெயப்பிரகாஷ் தன் முதுகால் ஓட்டையை மறைத்தான். "யா... யாருங்க?"

"பிரேக் இன்ஸ்பெக்டர் அய்யாவோட டிரைவருங்க."

காலத்தைக் கட்டியாள வேண்டியவனுக்குக் கைகள் தாமாகவே குவிந்தன.

"அண்ணே, அய்யாகிட்ட சொல்லிடாதீங்கண்ணே. ஒரே ஒரு ஓட்டதான் போட்டிருக்கு. சத்தியமா சத்தமே வராது. வண்டி வீட்டுக்காரி பேர்ல இருக்கு, தெரிஞ்சா கொன்னுடுவா!"

டிரைவர் அவனை விசித்திரமாகப் பார்த்தார். பிறகு காரின் கூரைமேல் உரிமையோடு கையை வைத்தார்.

"ஒங்க கத எனக்கெதுக்குங்க, எங்க அய்யாவோட இந்த வண்டிக்கு ஏசி கேஸ் ரொப்பியாச்சா?"