தினேஸ்வரி வாங்கிய மிக்சர்

“துளசி, வீட்ல பாட்டுப் பதிய எது பாகுஸ், எது நல்லா இருக்கும்? நீயே பாத்துச் சொல்லு. எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதுலா.”

கண்ணாடி அலமாரிக்கு முன்னால் தினேஸ்வரி நின்றிருந்தாள். ஈப்போவில் இருக்கும் அந்த இசைக்கருவிக் கடையில் துளசி நாலு வருடமாக வேலை செய்கிறாள். இருவரும் செமோர் கோயில் பஜனைக் குழுவில் பாடுகிறவர்கள்தான். தினேஸ்வரி முன்வரிசையில், தனி மைக்கில். துளசி பின்வரிசையில், ஆறு பேருக்கு ஒரு மைக்கில்.

“எதுக்குக்கா திடீர்னு?”

“கோலாலம்பூர்ல ஒரு போட்டி. புதுப்பாட்டு ஒண்ணு பதிஞ்சு அனுப்பணும். பாட்டு நானே எழுதிட்டேன். ஞாயித்துக்கிழமை ஆறு மணியோட முடியுது.”

துளசிக்கு வயிறு எரிந்தது. கோயிலில் கிடைக்கிற கைதட்டல் இவளுக்குப் போதாதாமா?

தினேஸ்வரி ஒரு சின்னப் பெட்டியைக் காட்டினாள். “இது என்ன?”

“ஆடியோ இன்டர்ஃபேஸ். மைக்கை இதுல செருகி, இதைக் கம்ப்யூட்டர்ல செருகணும்.”

வீட்டில் புதிதாகப் பதிகிறவர்களுக்கு அதுதான் சரி, குரல் சுத்தமாக விழும் என்று வருகிற எல்லாரிடமும் சொல்வாள். இன்று அந்த வார்த்தை மட்டும் வாயில் வரவில்லை.

“இது சின்னப் பிள்ளைங்க சமாச்சாரம்கா. உங்க குரலுக்கு ஒலியைக் கலக்குற மிக்சர்தான் எடுப்பா இருக்கும்.”

மேல்தட்டிலிருந்து ஒரு பெரிய மிக்சரை இறக்கி வைத்தாள். இருபது திருகுகள், வரிசையாக விளக்குகள். மைக்கைக் கொஞ்சம் கூட்டினாலே குரலுக்குப் பின்னால் ‘ஸ்ஸ்’ என்று இரைகிறது என்று ஏற்கெனவே இரண்டு பேர் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன ரகம்.

“அலாமாக், இவ்வளவு திருகா! குரல் நல்லா விழுமா? அதான் முக்கியம்.”

“விழும்கா. ஞாயித்துக்கிழமை கடை லீவுதான். நானே வந்து மாட்டித் தாரேன்.”

“நீ சொன்னா சரி.” சின்னப் பெட்டியை மறுபடி திரும்பிக்கூடப் பார்க்காமல் தினேஸ்வரி மிக்சரை வாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு துளசி போய்ச் சேர்ந்தாள். மாட்டிக் கொடுப்பதற்காக மட்டுமல்ல. தினேஸ்வரியின் முகம் வாடுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்கவும்தான். எல்லாவற்றையும் செருகிவிட்டு ஹெட்ஃபோனைக் காதில் வைத்தாள். நினைத்தபடியே இரைச்சல். எந்தத் திருகைத் திருகினாலும் அது போகாது என்று அவளுக்குத் தெரியும். ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தாள்.

“ரெடிக்கா. உக்காந்து பாடுங்க.”

தினேஸ்வரி உட்காரவில்லை. பாட்டு எழுதிய தாளைத் துளசியின் கையில் வைத்தாள்.

“நான் இல்லலா, நீதான் பாடப் போறே. மெட்டு சொல்லித் தாரேன், ரெண்டு மணி நேரம் போதும்.”

“நானா?”

“ஆறு வருஷமா பின்னாலருந்து உன் குரல் என் காதுல விழுந்துக்கிட்டே இருக்கு. எத்தனை நாள் பொறாமையில சோறு இறங்காம கிடந்திருக்கேன், தெரியுமா? முன்ன சொன்னா பயந்து வரமாட்டேன்னு சொல்லிருவே, அதான் சொல்லல. போட்டிக்கு உன் பேரைத்தான் கொடுத்திருக்கேன்.”