நடைவண்டிக்கு சாக்ஸ்

கீழ் வீட்டு மர்சலின் மிஸ் காலிங் பெல் அடிச்சாங்கன்னா அது கம்ப்ளெயின்ட்தான். மந்தைவெளில அந்த ஃபிளாட்ல இருக்கற எல்லாருக்கும் தெரியும். முப்பது வருஷம் கணக்கு டீச்சர். மிஸ் ரிடையர் ஆயிட்டாங்க, குரல் இன்னும் ஆகல.

மாளவிகா கதவைத் தொறந்தா. மிஸ் கைல ஒரு சின்ன நோட்டு, பேனா.

"மேல என்னம்மா உருளுது? கடகடன்னு?"

"நடைவண்டி மிஸ். ஜானுவுக்கு. பதினோரு மாசம் ஆச்சு, டாக்டர்தான்..."

"எத்தனை மணிக்கு ஓட்டறீங்க?"

"காலைல பத்து. சாயங்காலம் அஞ்சு."

"கரெக்டா அஞ்சா?"

"அஞ்சு, அஞ்சேகால் ஆகும் மிஸ்."

"எங்கேருந்து எங்க?"

இது என்ன கேள்வி! "ஹால்லதான் மிஸ். வாசக்கதவுலேருந்து பால்கனி கதவு வரைக்கும்."

மிஸ் அதையும் எழுதிக்கிட்டாங்க. "ம்"னு சொல்லிட்டு எறங்கிப் போயிட்டாங்க.

"எழுதிக்கிட்டாங்களா?" புருஷன் சாய்சரண் லேப்டாப்பை மூடிட்டான். "போச்சு. அசோசியேஷனுக்குப் போகுது. அவங்களுக்கு சொந்த வீடு மாளு, நாம வாடகைக்கு இருக்கறவங்க. அவங்க பையன் டெரன்ஸ் வேற பைக்லேருந்து விழுந்து, கால்ல ஆபரேஷன் ஆகி ரெண்டு மாசமா படுத்திருக்கான். ரெஸ்ட் வேணாமா?"

"அதுக்கு? எம்பொண்ணு நடக்க வேணாமா?"

"நான்தான் அப்பவே சொன்னேன்ல. லைட்டு, பாட்டு எல்லாம் வர்ற பேபி வாக்கர் வாங்கலாம்னு. சத்தமே இல்லாம வழுக்கிட்டுப் போகும்."

"உள்ள உக்கார வச்சு உருட்டறதா? டாக்டர் எவ்ளோ தெளிவா சொன்னாரு! அதுல கொழந்த தொங்கிக்கிட்டு நுனிக்கால்ல தள்ளுமாம். நடை வராதாம். தானா புடிச்சு எழுந்து, தானா தள்ளினாதான் காலும் இடுப்பும் பலமாகும்னாரு. மாட வீதில நாலு கடை ஏறி, சாஞ்சா கவுந்துடுமான்னு ஒவ்வொண்ணா அழுத்திப் பாத்து வாங்கினேன்!"

அவ சொன்னது கரெக்ட்தான். வண்டி வந்த அன்னிக்கு ரெண்டு அடி வெச்சு தொப்புனு உக்காந்த ஜானு, நாலே நாள்ல செம ஃபார்ம்! ஹால் முழுக்கத் தள்ளிக்கிட்டுப் போய் பால்கனி கதவுல 'டம்'னு இடிச்சாதான் நிப்பா. அப்புறம் திரும்பிப் பாத்து ஒரு சிரிப்பு, நாலு பல்லும் தெரியும்.

ஆனா மிஸ் வந்துட்டுப் போன மறுநாளே ஆரம்பிச்சுது. ஜானு வண்டிய எடுத்தா போதும், கீழேருந்து 'டொக்... டொக்... டொக்'.

"தொடப்பக்கட்டையால சீலிங்க இடிக்கறாங்க. நான் சொல்லல?" சாய்சரண் மொகம் சுண்டிப் போச்சு.

பத்து நாள் பொறுத்தா மாளவிகா. பதினோராம் நாள், புருஷனோட பழைய சாக்ஸ் மூணை எடுத்து மூணு சக்கரத்துக்கும் மாட்டி ரப்பர் பேண்ட் போட்டா.

சத்தம் போச்சு. கூடவே ஓட்டமும் போச்சு.

ஜானு தள்ளிப் பாத்தா. வண்டி இழுத்துச்சு. கடகட எங்கேன்னு குனிஞ்சு சக்கரத்தப் பாத்தா. அப்படியே உக்காந்துட்டா. மூணு நாளா வண்டி பக்கமே போகல, திரும்ப தவழ ஆரம்பிச்சுட்டா.

மூணாம் நாள் சாயங்காலம் அஞ்சரைக்கு காலிங் பெல். மர்சலின் மிஸ். கைல அதே நோட்டு.

மாளவிகாவுக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு.

"இப்ப என்ன மிஸ்? அதான் சத்தமே இல்லையே! சக்கரத்துக்கு சாக்ஸ் மாட்டியாச்சு. எம்பொண்ணு நடக்கறதையே விட்டுட்டா. இன்னும் என்ன செய்யணும், தொட்டில்லயே கட்டிப் போட்டுடட்டுமா?"

"மாளு, மாளு..." சாய்சரண் பின்னாடி நின்னு அவ கையப் புடிச்சு இழுத்தான்.

மிஸ் மூலைல இருந்த வண்டியப் பாத்தாங்க. "சாக்ஸா?" நேரா உள்ள வந்து, முட்டியப் புடிச்சுக்கிட்டு கீழ உக்காந்து, ரப்பர் பேண்டை ஒவ்வொண்ணா உருவ ஆரம்பிச்சாங்க.

"நீங்கதான மிஸ் கீழேருந்து டொக் டொக்னு இடிச்சீங்க?"

"நானா? அது டெரன்ஸோட வாக்கர்மா. ஆஸ்பத்திரில குடுத்தாங்களே, நாலு கால் கம்பி, அது. எழுந்து நடடான்னா செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துப்பான். ஒருநாள் உங்க வண்டி சத்தம் கேட்டுட்டு, 'மம்மி, மேல என்ன'ன்னான். பாப்பா நடக்கக் கத்துக்குதுடான்னேன். 'நானும் அதானே'ன்னான்."

நோட்ட நீட்டினாங்க.

ஸ்கேல் வெச்சு நடுவுல ஒரு கோடு. ஒரு பக்கம் ஜானு, இன்னொரு பக்கம் டெரன்ஸ். காலைல ஒரு ரேஸ், சாயங்காலம் ஒரு ரேஸ். கீழயும் அதே ஹால், அதே பால்கனி கதவு. மேல 'டம்' கேக்கறதுக்குள்ள அவன் போய்த் தொட்டுட்டா அவனுக்கு டிக்.

ஜானு பக்கம் பத்தொன்பது டிக். டெரன்ஸ் பக்கம், கடைசி வரில, ஒண்ணே ஒண்ணு. அதுக்குக் கீழ மூணு நாள் காலி.

மிஸ் மூணாவது சாக்ஸையும் உருவி சாய்சரண் கைல குடுத்தாங்க.

"மொதமொதல்ல ஜெயிச்சான்மா. மறுநாள்லேருந்து மேல வண்டியே வரல. தெனம் வாக்கரப் புடிச்சுக்கிட்டு வாசக்கதவுகிட்ட நின்னுட்டு, திரும்பப் போய்ப் படுத்துக்கறான். இன்னிக்கு, 'தோத்துட்டோம்னு பாப்பாவுக்குக் கோவமா, போய்க் கேளு மம்மி, வேணா நாளைக்கு நான் விட்டுக் குடுத்துடறேன்'னு என்னை அனுப்பிட்டான்."