கடைசி வார்த்தை

மூன்றாவது முறையும் வெறுங்காலோடு வந்து நின்றாள் சஹானா.

"சாக்ஸ் போட்டுட்டு, ஷூ மாட்டிட்டு, பையை எடுத்துட்டு வா. இதுல என்னடி புரியல உனக்கு?"

"வந்துட்டேன்மா."

அடுப்பில் தோசை கருகியது. அதையும் சேர்த்துத் திட்டினாள் அம்மா.

மணி எட்டு. எட்டு பத்துக்கு வேன்.

நேற்று வரை ஸ்கூட்டரில் கொண்டுபோய், வகுப்பு வாசல் வரை கையைப் பிடித்து விட்டுவிட்டு வந்தாள். நேற்று எச்.எம். கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"ஆட்டிசம்னு தெரிஞ்சுதான் சேர்த்தோம். இல்லேங்கல. ஆனா ஒண்ணாம் கிளாஸ் வந்தாச்சு. நாளையிலேர்ந்து வேன்ல வரட்டும். தானா இறங்கி, தானா பிரேயருக்கு வரணும். முடியாதுன்னா வேற ஸ்கூல் பாருங்க."

வேற ஸ்கூல்.

இதுவே நான்காவது.

செய்யத் தெரியாத பிள்ளையா? குதிகால் பார்த்து, சுருக்கம் இல்லாமல் சாக்ஸ் போடுவாள். பெரியவர்களுக்கே அவ்வளவு சுத்தம் வராது. எல்லாம் தெரியும், ஒன்றை முடித்து அடுத்ததைத் தொடங்கத்தான் வராது என்றார் டாக்டர். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

எட்டு ஐந்துக்கு அது எதற்கும் உதவவில்லை.

நான்காவது முறை சொல்ல வாயெடுத்தாள். சாக்ஸ் போட்டுட்டு, ஷூ மாட்டிட்டு, பையை எடுத்துட்டு...

நிறுத்தினாள்.

போட்டுட்டு. மாட்டிட்டு. எடுத்துட்டு.

எல்லாம் பாதியில் தொங்குகிற வார்த்தைகள். செய் என்று சொல்வது கடைசியில் ஒன்றே ஒன்றுதான்.

வா.

அதை மூன்று முறையும் தவறாமல் செய்திருக்கிறாள் பெண்.

"சாக்ஸ் போடு."

போட்டாள்.

நின்றாள்.

"அந்தக் காலுக்கும் போடு."

போட்டாள்.

"ஷூ போடு." "அதையும் போடு." "பையை எடு." "மாட்டு."

ஆறு தடவை சொல்ல இத்தனை பொறுமை வேண்டுமா? பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது.

கீழே ஹாரன்.

"போ."

போனாள்.

கூடவே இறங்கக் கால் துடித்தது. தானா, தானா என்றாரே அந்த எச்.எம்! பால்கனிக்கு ஓடினாள். இரண்டாம் மாடியிலிருந்து வேன் நன்றாகத் தெரிந்தது. கதவு திறந்திருந்தது.

சஹானா வேன் படியை ஒட்டிப் போய் நின்றாள்.

நின்றுகொண்டே இருந்தாள்.

உள்ளேயிருந்து பிள்ளைகள் கத்தினார்கள். டிரைவர் ஹாரனை அழுத்தினார். பின்னால் ஒரு தண்ணீர் லாரியும் சேர்ந்துகொண்டது.

"ஏறு!"

அம்மா போட்ட கத்தலில் தெருவே நிமிர்ந்து பார்த்தது. எதிர்வீட்டுக்காரர் பேப்பரை இறக்கினார்.

சஹானா ஏறினாள்.

அப்போதுதான் அம்மாவுக்கு உறைத்தது: அங்கே இறங்கு என்று யார் சொல்வது?

"அண்ணா! ஸ்கூல் வந்ததும் இறங்குன்னு சொல்லிடுங்க!"

டிரைவர் தலையை வெளியே நீட்டிச் சிரித்தார்.

"வண்டி நின்னா எல்லாரும் தானா இறங்கிடுவாங்க மேடம்!"

வேன் போய்விட்டது.

அடுப்பை அணைத்தாள். பூட்டினாளா என்று நினைவில்லை. தெருமுனை ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தபோது காலில் செருப்பு இல்லை.

"மஞ்சள் வேனுக்கு முன்னாடி போயிடணும்ணே."

"டிபன் பாக்ஸை மறந்துடுச்சா பாப்பா?"

"ஆமாம்."

ஆட்டோ சந்துக்குள் புகுந்து பறந்தது. முந்திவிடலாம். அதில் சந்தேகமில்லை.

எச்.எம். கண்ணில் படாமல் எங்கே நின்று கத்துவது என்றுதான் தெரியவில்லை.