நாலரை நிமிடப் பாட்டு

டிரம்ஸ் அவளுடையது இல்லை.

முதல் அடியிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் ஹெட்போனைக் கழற்றவில்லை. கடைசிவரை கேட்டாள்.

கிட்டார் ரகுவுடையதுதான். பன்னிரண்டு வருடத்துக்கு முன், இதே கோயமுத்தூரில் ஒரு வாடகை அறையில் அவர்கள் நால்வரும் பதிவு செய்த ராக் பாட்டு. அதன் மேல் இப்போது உக்கடத்து அசாரின் ராப். இரண்டையும் கலந்து ரகு ஒரே பாட்டாக்குகிறான். அடுத்த மாதம் வெளியீடு.

நன்றாகத்தான் இருந்தது.

அவள் வாசித்தது மட்டும் அதில் இல்லை.

அன்று கிட்டார் வாசித்த ரகு இன்று இந்த ஸ்டூடியோவுக்கு முதலாளி. அவளுக்குப் பம்ப்செட் கம்பெனியில் சோதனைப் பிரிவில் வேலை. பர்மிஷன் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள்.

ரகு அவள் முகத்தைப் பார்க்காமல் திரையைக் காட்டினான். அவளுடைய தாளம் நிமிடத்துக்குத் தொண்ணூற்றாறு அடியில் கிளம்பி நூற்றிருபதில் போய் முடிகிறதாம். அசார் பாடியது மெஷின் தாளத்துக்கு. அது ஒரே வேகம். முதல் சரணம்வரை இரண்டும் தோளில் கை போட்டுக்கொண்டு போகின்றன. அப்புறம் இது ஓடிவிடுகிறது, அது பின்னால் நின்றுவிடுகிறது. அதனால் கிட்டாரைக் கம்ப்யூட்டரில் இழுத்துச் சமன் செய்துவிட்டு, டிரம்ஸுக்கு மெஷினை வைத்துவிட்டான்.

"நீ ஏன் ஓடினேன்னு எனக்குத் தெரியும் ஜெசி. கேக்கிறவங்களுக்குத் தெரியுமா?"



அந்தப் பாட்டைப் பதிவு செய்தது மின்வெட்டு வருடத்தில். ஒரு மணி நேரம் கரண்ட் இருக்கும், அடுத்த ஒரு மணி நேரம் இருக்காது. அன்று காலையிலிருந்து இரண்டு முறை பாட்டு பாதியில் செத்திருந்தது. யு.பி.எஸ். பேட்டரி வேலை செய்யவில்லை. பேஸ் கிட்டார் வாசித்த ஜோயல் சாயங்காலம் தோஹாவுக்குக் கிளம்புகிறான். அவன் போனால் அந்தக் குழுவே இல்லை.

நாலு மணிக்குக் கரண்ட் போகும்.

எல்லாரும் தயாரானபோது சுவர்க் கடிகாரத்தில் நாலுக்கு நாலு நிமிடம் இருந்தது.

பாட்டு நாலரை நிமிடம்.

விட்டுவிடலாம் என்றார்கள். அவள் குச்சிகளைத் தட்டி எண்ண ஆரம்பித்துவிட்டாள்.

தாளம் எங்கேயும் துள்ளவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் வேகத்தை ஒரு இழை கூட்டினாள். கால் பெடலில், கண் கடிகாரத்தில். பாடுகிறவன் திணறாத அளவுக்கு. ஆனால் யாரையும் நிற்க விடாத அளவுக்கு.

கடைசி அடி சிம்பலில் விழுந்தது. அது அதிர்ந்து அடங்குவதற்குள் ரகு பாய்ந்து நிறுத்தி, சேவ் பட்டனை அழுத்தினான்.

விளக்கு அணைந்தது.

ஜன்னல் இல்லாத அந்த அறையின் இருட்டில் நாலு பேரும் கத்திய கத்தலில் கீழ் வீட்டுக்காரர் மாடியேறி வந்துவிட்டார்.

ஒரு அடிகூடத் தவறவில்லை. அதை அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. சோதனைப் பிரிவில் பம்புகள் உறுமும்போது மட்டும், சில நாள், தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

பாட்டின் அட்டையில் உன் பெயர் கண்டிப்பாக இருக்கும் என்று ரகு இப்போது சமாதானம் சொன்னான்.

"நான் வாசிக்காத பாட்டுல என் பேரு எதுக்கு?"

பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

நாற்காலி நகர்ந்ததும், சோபாவில் சாய்ந்திருந்த அசார் காதிலிருந்து இயர்போனைக் கழற்றினான். தாடி வைத்த ஒல்லி ஆள். என்ன விஷயம் என்று கேட்டான். அக்காவின் தாளம் ஓடுகிறது, அதுதான் விஷயம் என்றான் ரகு.

அசார் அந்தத் தாளத்தைக் கேட்டதே இல்லை. ரகு அவனுக்கு அனுப்பியதெல்லாம் மெஷின்தான். பழையதை ஒருமுறை போடச் சொன்னான்.

முதலில் தலை ஆடியது. அப்புறம் முழங்கால். பாதியில் எழுந்து நின்றுவிட்டான்.

"அக்கா இந்த ஓட்டம் ஓடுறாங்க. நான்தான் கூட ஓடோணும்ங்ணா. அவங்களை ஏன் நிக்கச் சொல்றீங்க?"

மூச்சு பத்தாது என்று ரகு சிரித்தான். பத்தவில்லை என்றால் உங்கள் மெஷினையே போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, அசார் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு மைக் முன்னால் போய் நின்றான்.

இரண்டாவது சரணத்தில் நாக்கு புரண்டது.

மறுபடியும் புரண்டது.

ஒரு வரியை வெட்டினான். வரிகளில் இருந்த இரண்டு 'மச்சானை'த் தூக்கினான். தண்ணீர் குடித்தான்.

பையைத் தோளில் மாட்டியபடியே அவள் கதவருகில் நின்றாள். வாசல்வரை போன கால் அதற்கு மேல் போகவில்லை.

இந்த முறை அவன் அவளைத் துரத்தவில்லை. அவளுடைய ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே, எங்கே இடம் இருக்கிறதோ அங்கே மூச்சு எடுத்தான். தொண்ணூற்றாறு. நூறு. நூற்றுப் பத்து. வார்த்தைகள் அவள் கையிலிருந்தே புறப்படுவதுபோல் இருந்தது. பையின் வாரில் அவள் விரல்கள் தட்டிக்கொண்டிருந்தன.

கடைசிச் சுற்று.

சிம்பல் விழுந்தது. அடங்குமுன் அறுந்தது. அதே இடத்தில் அவனும் சொல்லைப் பாதியில் விட்டான்.

அவள் சட்டென்று அண்ணாந்து பார்த்தாள்.

டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது.

திரும்பினாள். ரகுவின் விரல் சேவ் பட்டனில் இருந்தது. அவனும் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அசார், ஒன்றும் புரியாமல், தானும் விளக்கைப் பார்த்தான்.